நேரிய சமன்பாட்டின் சாய்வும் வெட்டுத்துண்டுகளும்: கண்டுபிடிக்கும் முறை, தொடக்கம் முதல் முடிவு வரை

3x + 4y = 24 என்ற சமன்பாட்டைக் காட்டி, இதன் சாய்வு என்ன என்று கேட்டுப்பாருங்கள். பலரும் சட்டென்று 3 என்பார்கள். சரியான விடை −3/4. எக்ஸுக்கு முன்னால் நிற்கும் எண்தான் சாய்வு என்று எப்போதோ மனப்பாடம் செய்த வரி, அது எந்த நிலையில் பொருந்தும் என்ற நிபந்தனையை உதறிவிட்டுத் தனியாக நினைவில் தங்கிவிடுகிறது. சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

சாய்வு, வெட்டுத்துண்டு இரண்டுமே சமன்பாட்டிடம் நாம் கேட்கும் எளிய கேள்விகளுக்கான பதில்கள். எக்ஸின் மதிப்பு ஒன்று கூடினால் ஒய்யின் மதிப்பு எவ்வளவு மாறுகிறது? அந்தப் பதில் சாய்வு. எக்ஸ் பூச்சியமாக இருக்கும்போது ஒய் எவ்வளவு? அது ஒய் வெட்டுத்துண்டு. ஒய் பூச்சியமாக இருக்கும்போது எக்ஸ் எவ்வளவு? அது எக்ஸ் வெட்டுத்துண்டு. இந்த மூன்று கேள்விகளும் மனத்தில் இருந்தால், மறந்துபோன சூத்திரம் எதையும் அரை நிமிடத்தில் திரும்ப உருவாக்கிவிடலாம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த மூன்று கேள்விகளையே பிடித்துக்கொண்டு போகிறது. வாக்கியத்தில் எக்ஸ், ஒய் என்று சொல்வதைச் சமன்பாட்டுக்குள் வழக்கம்போல் x, y என்றே எழுதுகிறேன்.

நேரிய சமன்பாடுதானா என்று முதலில் பாருங்கள்

எக்ஸும் ஒய்யும் முதற்படியில் மட்டும் இருக்க வேண்டும். x², xy, 1/x, √x போன்ற உறுப்பு ஒன்று இருந்தாலும் வரைபடம் பெரும்பாலும் வளைந்துவிடும். வளைகோட்டுக்கு ஒரே சாய்வு என்று ஒன்று கிடையாது. ஆனால் தோற்றத்தை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. (x + 1)² = x² + y என்பதைப் பார்த்தால் இருபடிச் சமன்பாடு போலத்தான் தெரியும். அடைப்பை விரித்தால் x² + 2x + 1 = x² + y. இருபுறமும் உள்ள x² நீங்கிவிடும்; மிஞ்சுவது y = 2x + 1 என்ற நேர்க்கோடு. √2·x + y = 3 என்பதும் நேரிய சமன்பாடுதான், ஏனென்றால் மூலக்குறி எண்ணின் மேல்தான் இருக்கிறது, மாறியின் மேல் இல்லை. ஆகவே அடைப்புகளை விரித்து, ஒத்த உறுப்புகளைச் சேர்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இரண்டு மாறிகள் கொண்ட முதற்படிச் சமன்பாடு எதுவாக இருந்தாலும் அதன் வரைபடம் நேர்க்கோடு என்பதை 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் பியேர் தெ ஃபெர்மா எழுதிவைத்தார். இன்னொரு பிரெஞ்சு அறிஞரான ரெனே டேக்கார்ட் தம் வடிவியல் ஆய்வை 1637இல் அச்சிட்டுவிட, ஃபெர்மாவின் எழுத்து அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து 1679இல்தான் அச்சேறியது. சமன்பாட்டுக்கும் வரைபடத்துக்கும் இடையே இருவரும் தனித்தனியே கண்டடைந்த இணைப்பால்தான் இன்று நமக்கு வேலை இவ்வளவு சுலபமாக இருக்கிறது: கோடு நேரானது என்று உறுதியாகிவிட்டால், அதை முழுவதும் அறிய இரண்டு புள்ளிகள் போதும்.

சாய்வைக் கண்ணால் பார்ப்பது

சூத்திரத்துக்கு முன் 3x + 4y = 24 என்பதில் சில மதிப்புகளைப் போட்டுப் பாருங்கள்.

x = 0 எனில் y = 6
x = 4 எனில் y = 3
x = 8 எனில் y = 0
x = 12 எனில் y = −3

எக்ஸ் ஒவ்வொரு முறையும் 4 கூடுகிறது. ஒய் ஒவ்வொரு முறையும் 3 குறைகிறது. ஒரே அளவுப் படிகள் கொண்ட படிக்கட்டில் இறங்குவதுபோல, எங்கே நின்று பார்த்தாலும் நான்குக்கு மூன்று என்ற கணக்கு மாறுவதில்லை. அப்படியானால் எக்ஸ் ஒன்று மட்டும் கூடினால் ஒய் 3/4 குறையும். குறைவதால் எதிர்க்குறி. சாய்வு −3/4. சூத்திரம் எதுவும் இன்னும் வரவில்லை, விடை வந்துவிட்டது.

இனி அதே விடையை வேகமாகப் பெறும் வழி. ஒய்யை ஒருபுறம் தனியாக நிறுத்துவதுதான் முழு வேலையும்.

3x + 4y = 24
4y = −3x + 24
y = −(3/4)x + 6

இந்த வடிவத்துக்குச் சாய்வு–வெட்டுத்துண்டு வடிவம் என்று பெயர்; பொதுவாக y = mx + c என்று எழுதுவோம், இதில் m சாய்வு, c ஒய் வெட்டுத்துண்டு. சில நாட்டுப் புத்தகங்களில் இதே வடிவம் y = mx + b என்றும் y = ax + b என்றும் இருக்கும்; எழுத்து மாறினாலும் பொருள் ஒன்றே. ஒய் தனியாக, கெழு (மாறிக்கு முன்னால் நின்று அதைப் பெருக்கும் எண்) 1 ஆக நிற்கும்போது மட்டும்தான் எக்ஸின் கெழு சாய்வாகிறது. ஏன் என்று பார்க்க, எக்ஸ் இருக்கும் இடத்தில் x + 1 என்று போடுங்கள்.

−(3/4)(x + 1) + 6 = −(3/4)x + 6 − 3/4

பழைய மதிப்போடு −3/4 சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எக்ஸ் 10 ஆக இருந்தாலும் 1,000 ஆக இருந்தாலும் இந்த −3/4 மாறாது. 6 என்ற மாறிலி இந்த மாற்றத்தில் கலந்துகொள்ளவே இல்லை என்பதையும் கவனியுங்கள். மாறிலி கோட்டை மேலேயோ கீழேயோ நகர்த்தும்; சாய்வைத் தொடாது.

கை தவறும் இடங்கள்

ஒய்யைத் தனியாக்கும் இந்த இரண்டு வரிகளில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. ஆகவே இங்கே சற்று நிற்கலாம்.

முதலாவது, வகுக்கும்போது ஓர் உறுப்பை விட்டுவிடுவது. 4y = −3x + 24 என்பதை 4ஆல் வகுத்து y = −(3/4)x + 24 என்று எழுதிவிடுவார்கள். எக்ஸ் உறுப்பை வகுத்த கை மாறிலியையும் வகுக்க வேண்டும். சமக்குறிக்கு வலப்புறம் உள்ள ஒவ்வோர் உறுப்பின் கீழும் 4 என்று தனித்தனியாக எழுதிப் பழகினால் இந்தப் பிழை வராது.

இரண்டாவது, ஒய்யின் கெழு எதிர்க்குறியோடு இருக்கும்போது குறி தடுமாறுவது. 2x − y = 7 என்பதில் எக்ஸை நகர்த்தினால் −y = −2x + 7. இங்கேயே நின்றுவிட்டுச் சாய்வு −2 என்று எழுதினால் தவறு. இருபுறத்தையும் −1ஆல் பெருக்கி y = 2x − 7 என்று கொண்டுவந்த பிறகே சாய்வு 2 என்று சொல்லலாம். எல்லாக் குறிகளும் மாறுகின்றன, மாறிலியின் குறியும் சேர்ந்துதான்.

மூன்றாவது, வரிசையைப் பார்த்து ஏமாறுவது. y = 5 − 2x என்பதில் முதலில் வரும் எண் 5 என்பதற்காக அது சாய்வாகிவிடாது. எக்ஸோடு ஒட்டியிருக்கும் எண்ணும் அதன் குறியும் சேர்ந்ததே சாய்வு: −2. ஒட்டாமல் நிற்பது 5. அது ஒய் வெட்டுத்துண்டு. எக்ஸ் மட்டும் தனியாக நின்றால் கெழு 1. −x என்று நின்றால் −1. எழுதப்படாத அந்த ஒன்றையும் பார்க்கப் பழக வேண்டும்.

வெட்டுத்துண்டுகள்

கோடு ஓர் அச்சை வெட்டும் இடத்தைக் காட்டுவதே வெட்டுத்துண்டு. எக்ஸ் அச்சின் மேல் உள்ள எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதன் ஒய் மதிப்பு 0. ஆகவே எக்ஸ் வெட்டுத்துண்டு வேண்டுமானால் ஒய்யை 0 ஆக்க வேண்டும். ஒய் வெட்டுத்துண்டு வேண்டுமானால் எக்ஸை 0 ஆக்க வேண்டும். தேடும் எழுத்தையே பூச்சியமாக்கிவிடும் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது. எந்த அச்சின் மேல் நிற்கிறோம் என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் அது நேராது.

3x + 4y = 24 என்பதில் y = 0 என்று போட்டால் 3x = 24, அதாவது x = 8. அடுத்து x = 0 என்று போட்டால் 4y = 24, அதாவது y = 6. கோடு அச்சுகளை வெட்டும் புள்ளிகள் (8, 0), (0, 6).

இதைத் தாளில் எழுதாமலேயே செய்யலாம். 4y என்ற உறுப்பை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்: 3x = 24. விரலை 3x மேல் வையுங்கள்: 4y = 24. சமன்பாடு ax + by = எண் என்ற வடிவத்தில் இருக்கும்போது இதைவிட விரைவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. இதற்காகச் சமன்பாட்டை y = mx + c வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை; சாய்வுக்குத்தான் அந்த வடிவம் வேண்டும்.

வெட்டுத்துண்டு என்று எண்ணைக் கேட்கிறார்களா, வெட்டும் புள்ளியைக் கேட்கிறார்களா என்பதைக் கேள்வியில் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ் வெட்டுத்துண்டு 8. எக்ஸ் அச்சை வெட்டும் புள்ளி (8, 0). இன்னொன்று: கோடு எக்ஸ் அச்சை ஆதிப்புள்ளிக்கு, அதாவது இரு அச்சுகளும் சந்திக்கும் (0, 0) புள்ளிக்கு, இடப்புறம் 3 அலகு தள்ளி வெட்டினால் வெட்டுத்துண்டு −3 தான், 3 அல்ல. பெயரில் துண்டு என்று இருப்பதால் நீளம் என்று எண்ணிக் குறியை விட்டுவிடாதீர்கள்.

விடையைத் தானே சரிபார்க்கும் வழி

இரண்டு வெட்டுத்துண்டுகளும் தெரிந்துவிட்டால் சாய்வு தானாகவே கிடைத்துவிடுகிறது. (0, 6) இலிருந்து (8, 0) வரை போகும்போது எக்ஸ் 8 கூடுகிறது, ஒய் 6 குறைகிறது. சாய்வு −6/8, அதாவது −3/4. பொதுவாகச் சொன்னால்:

சாய்வு = −(ஒய் வெட்டுத்துண்டு ÷ எக்ஸ் வெட்டுத்துண்டு)

தேர்வில் கடைசி நிமிடத்தில் கைகொடுப்பது இதுதான். சாய்வை ஒரு வழியிலும் வெட்டுத்துண்டுகளை வேறு வழியிலும் கண்டுபிடித்துவிட்டு, இந்த உறவு பொருந்துகிறதா என்று பாருங்கள். குறியில் தவறியிருந்தாலோ வகுக்க மறந்திருந்தாலோ அநேகமாக இங்கே அகப்பட்டுவிடும். கோடு ஆதிப்புள்ளி வழியாகச் சென்றால் மட்டும் இந்தச் சோதனை பயன்படாது. அப்போது இரண்டு வெட்டுத்துண்டுகளும் 0, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க முடியாது.

எதிர்க்குறிகள் கலந்த ஒரு முழுக் கணக்கு

5x − 2y + 15 = 0 என்பதை எடுத்துக்கொள்வோம்.

ஒய்யைத் தனியாக்க, −2y = −5x − 15. இருபுறத்தையும் −2ஆல் வகுக்க, y = (5/2)x + 15/2. சாய்வு 5/2.

y = 0 எனில் 5x + 15 = 0, ஆகவே x = −3.
x = 0 எனில் −2y + 15 = 0, ஆகவே y = 15/2, அதாவது 7.5.

சோதனை: −(7.5 ÷ −3) = 2.5. பொருந்துகிறது.

படத்தை மனத்தில் வரைந்தும் பார்க்கலாம். கோடு இடப்பக்கம் −3இல் எக்ஸ் அச்சைக் கடந்து, மேலே 7.5இல் ஒய் அச்சைக் கடக்கிறது. இடமிருந்து வலமாக வரும்போது ஏறுகிறது. ஏறும் கோட்டுக்குச் சாய்வு மிகை எண்ணாகத்தான் இருக்க வேண்டும், இருக்கிறது. ஒவ்வொரு கணக்கிலும் இந்த ஏற்றமா இறக்கமா என்ற ஒரு பார்வை போதும், பாதிப் பிழைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

பின்னங்கள் வந்தால்

(2/3)x + (1/4)y = 5 போன்ற சமன்பாட்டைப் பின்னங்களோடு வைத்துப் போராட வேண்டாம். பகுதிகளான 3, 4 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12. முழுச் சமன்பாட்டையும் 12ஆல் பெருக்குங்கள்: 8x + 3y = 60. சாய்வு −8/3, ஒய் வெட்டுத்துண்டு 20, எக்ஸ் வெட்டுத்துண்டு 7.5. வலப்புறத்து 5ஐயும் பெருக்க மறக்காதீர்கள். தசம எண்கள் வந்தாலும் இதே வழி. 10 அல்லது 100ஆல் பெருக்கினால் முழு எண்களாகிவிடும்.

வலப்புறம் 1 என்று இருக்கும் பின்னச் சமன்பாடு மட்டும் விதிவிலக்கு. x/3 − y/2 = 1 என்று வந்தால் எதையும் பெருக்காதீர்கள், அது ஏற்கெனவே வெட்டுத்துண்டு வடிவத்தில் இருக்கிறது. x/a + y/b = 1 என்ற அந்த வடிவத்தில் பகுதிகளே வெட்டுத்துண்டுகள். இங்கே எக்ஸ் வெட்டுத்துண்டு 3. −y/2 என்பதை y/(−2) என்று படித்தால் ஒய் வெட்டுத்துண்டு −2. சாய்வு −(−2/3), அதாவது 2/3. 3x + 4y = 24 என்பதையும் 24ஆல் வகுத்தால் x/8 + y/6 = 1 என்று இதே வடிவம் கிடைக்கும்.

பொதுச் சூத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை

ax + by + c = 0 என்ற பொது வடிவத்தில் சாய்வு −a/b, எக்ஸ் வெட்டுத்துண்டு −c/a, ஒய் வெட்டுத்துண்டு −c/b. இவற்றை மனப்பாடம் செய்வதில் தவறில்லை, ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. y = mx + c என்பதில் c தான் ஒய் வெட்டுத்துண்டு; பொது வடிவத்தில் உள்ள c அப்படியல்ல. ஒரே எழுத்து, இரண்டு வேலை. தவிர, 3x + 4y = 24 என்பதை இந்த வடிவத்தில் படிக்கும்போது c என்பது −24, 24 அல்ல. இந்த இரண்டு காரணங்களால், நன்கு பழகும் வரை ஒய்யைத் தனியாக்கும் வழியையே கைக்கொள்ளச் சொல்வேன். இரண்டு வரி கூடுதல்தான். ஆனால் அதில் ஒவ்வோர் அடியும் கண்முன் நடக்கிறது.

தனித்து நிற்கும் கோடுகள்

y = 4 என்ற சமன்பாட்டில் எக்ஸே இல்லை. எக்ஸ் எவ்வளவு கூடினாலும் ஒய் மாறுவதில்லை, ஆகவே சாய்வு 0. ஒய் வெட்டுத்துண்டு 4. கோடு எக்ஸ் அச்சுக்கு இணையாகப் போவதால் அதை வெட்டுவதே இல்லை. எக்ஸ் வெட்டுத்துண்டு கிடையாது. சமன்பாட்டில் y = 0 என்று போட்டால் 0 = 4 என்ற பொய்க்கூற்று வருவது அதைத்தான் சொல்கிறது.

x = −3 என்ற கோடு நிமிர்ந்து நிற்கிறது. எக்ஸ் ஒன்று கூடினால் என்ன ஆகும் என்ற நம் முதல் கேள்வியை இந்தக் கோட்டிடம் கேட்கவே முடியாது. எக்ஸ் இங்கே அசைவதே இல்லை. அதனால்தான் இதன் சாய்வை வரையறுக்க இயலாது என்கிறோம். சூத்திரத்தில் போட்டால் பகுதியில் 0 வந்து நிற்கும். சாய்வு 0 என்பதும் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்பதும் நேர் எதிரான இரு நிலைகள்: ஒன்று படுத்த கோடு, மற்றது நின்ற கோடு. விடைத்தாளில் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் மதிப்பெண் முழுவதும் போய்விடும்.

y = 2x போல மாறிலி இல்லாத சமன்பாடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும். இரு வெட்டுத்துண்டுகளும் 0. இதை வரைய வெட்டுத்துண்டுகள் போதாது, ஏனென்றால் அவை இரண்டும் ஒரே புள்ளி. எக்ஸுக்கு இன்னொரு மதிப்புக் கொடுத்து இரண்டாம் புள்ளியை எடுக்க வேண்டும்: x = 3 எனில் y = 6.

சமன்பாடு இல்லாமல் புள்ளிகள் மட்டும் இருந்தால்

(−2, 7), (4, −5) என்ற இரு புள்ளிகள் வழியாகச் செல்லும் கோடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒய்யின் மாற்றத்தை எக்ஸின் மாற்றத்தால் வகுக்க வேண்டும்.

சாய்வு = (−5 − 7) ÷ (4 − (−2)) = −12 ÷ 6 = −2

மேலே எந்தப் புள்ளியிலிருந்து கழிக்கத் தொடங்கினீர்களோ, கீழேயும் அதே புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். எந்தப் புள்ளியை முதலில் எடுத்தாலும் சரி, மேலும் கீழும் ஒரே வரிசை இருந்தால் போதும். வரிசை கலைந்தால் எண் சரியாகவும் குறி தவறாகவும் வரும். 4 − (−2) என்பதில் அடைப்பைப் போடாமல் 4 − 2 என்று எழுதிவிடுவதும் இங்கே அடிக்கடி நடப்பது.

ஒய் வெட்டுத்துண்டைக் காண, y = −2x + c என்பதில் முதல் புள்ளியைப் பிரதியிடுங்கள்: 7 = 4 + c, ஆகவே c = 3. கோடு y = −2x + 3. எக்ஸ் வெட்டுத்துண்டு 3/2. பயன்படுத்தாத இரண்டாம் புள்ளியை வைத்துச் சோதியுங்கள்: −2 × 4 + 3 = −5. சரி. கண்டுபிடிக்கப் பயன்படுத்திய புள்ளியையே சோதனைக்கும் எடுத்தால் அது எதையும் சோதித்ததாகாது.

அட்டவணை கொடுக்கப்பட்டால் ஒரு எச்சரிக்கை. எக்ஸ் மதிப்புகள் 1, 3, 7. அவற்றுக்கான ஒய் மதிப்புகள் 5, 9, 17. ஒய்யின் ஏற்றம் முதலில் 4, பிறகு 8. வேறுபாடு மாறுகிறதே, இது நேர்க்கோடு இல்லை என்று முடிவுகட்டிவிடலாம் போலத் தோன்றும். எக்ஸின் ஏற்றத்தையும் பாருங்கள்: முதலில் 2, பிறகு 4. வகுத்தால் 4/2 = 2, 8/4 = 2. சாய்வு மாறவில்லை, நேர்க்கோடுதான். x = 1 இலிருந்து ஒன்று பின்னால் போனால் ஒய் 2 குறைந்து 3 ஆகும்; அதுவே ஒய் வெட்டுத்துண்டு. y = 2x + 3.

வரைபடத்திலிருந்து படிப்பது

கோடு வரைபடத்தாளின் கட்ட மூலைகள் வழியாகச் செல்லும் இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். கூடுமானவரை ஒன்றுக்கொன்று தள்ளியிருப்பவையாக. அருகருகே உள்ள புள்ளிகளில் கண்ணின் சிறு பிழைகூடச் சாய்வைப் பெரிதும் மாற்றிவிடும். கட்டங்களை எண்ணுவதற்கு முன் இரு அச்சுகளின் அளவுத்திட்டத்தையும் பாருங்கள். கிடைமட்டத்தில் ஒரு கட்டம் 1 அலகும் செங்குத்தில் ஒரு கட்டம் 10 அலகும் இருக்கும்போது, வலப்புறம் 2 கட்டம் போக மேலே 3 கட்டம் ஏறினால் சாய்வு 3/2 அல்ல. 30/2, அதாவது 15.

சாய்வு என்பது கோடு எக்ஸ் அச்சின் மிகைத் திசையோடு உண்டாக்கும் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பு. கோணம் 45° எனில் சாய்வு 1, 60° எனில் √3, 135° எனில் −1. ஆனால் தாளில் கோணமானியை வைத்து அளப்பது இரு அச்சுகளிலும் ஒரே அளவுத்திட்டம் இருந்தால் மட்டுமே செல்லும். சாலைகளின் ஏற்றத்தைச் சதவீதத்தில் குறிப்பதும் இதே சாய்வுதான்: 8 சதவீதம் என்றால் கிடைமட்டமாக 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏற்றம். 100 சதவீத ஏற்றம் என்பது சுவர்போல் நிமிர்ந்த சாலை அன்று, 45° சாய்ந்த சாலை.

இந்த எண்கள் எதைச் சொல்கின்றன

இவ்வளவு தூரம் வந்தவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் சாய்வையும் வெட்டுத்துண்டையும் கண்டுபிடிப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது. செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் சமன்பாடு y = 1.8x + 32. சாய்வு 1.8: செல்சியஸில் ஒரு பாகை ஏறினால் ஃபாரன்ஹீட்டில் 1.8 பாகை ஏறும். ஒய் வெட்டுத்துண்டு 32: செல்சியஸ் 0 ஆக இருக்கும்போது, அதாவது நீர் உறையும் நிலையில், ஃபாரன்ஹீட் காட்டும் அளவு. எக்ஸ் வெட்டுத்துண்டு −32/1.8, ஏறத்தாழ −17.8: ஃபாரன்ஹீட் 0 ஆகும் செல்சியஸ் வெப்பநிலை.

ஒரு வண்டி விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கையில் பிரேக் போடப்பட்டு, வேகம் விநாடிதோறும் 4 மீட்டர் வீதம் குறைகிறது என்றால் y = 20 − 4x. சாய்வு −4 என்பது முடுக்கம், ஒய் வெட்டுத்துண்டு தொடக்க வேகம், எக்ஸ் வெட்டுத்துண்டு 5 என்பது வண்டி நிற்க ஆகும் விநாடிகள். அதற்குப் பிறகு சமன்பாடு எதிர்க்குறி வேகத்தைக் காட்டும். நின்ற வண்டி பின்னோக்கிப் போகாது. ஆகவே இந்த நேர்க்கோடு 5 விநாடி வரைதான் செல்லும்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு வாயுவைப் பற்றியது. அழுத்தத்தை மாற்றாமல் ஒரு வாயுவைச் சூடாக்கினால் அதன் கன அளவு வெப்பநிலையோடு ஏறத்தாழ நேர்க்கோட்டில் கூடுகிறது. 0° செல்சியஸில் 2 லிட்டர் இருக்கும் வாயுவுக்குச் சமன்பாடு y = (2/273.15)x + 2. அதே வெப்பநிலையில் 5 லிட்டர் இருக்கும் வாயுவுக்கு y = (5/273.15)x + 5. சாய்வுகள் வேறு, ஒய் வெட்டுத்துண்டுகள் வேறு. எக்ஸ் வெட்டுத்துண்டைக் கண்டுபிடித்துப் பாருங்கள்: இரண்டுக்கும் −273.15. எத்தனை லிட்டர் எடுத்தாலும் எல்லாக் கோடுகளும் இடப்பக்கம் நீட்டப்படும்போது எக்ஸ் அச்சை அந்த ஒரே புள்ளியில் வந்து வெட்டுகின்றன. உண்மையான வாயு அவ்வளவு குளிருமுன் நீர்மமாகிவிடும் என்றாலும், நீட்டிய கோடு சுட்டும் அந்த இடமே தனிச்சுழி வெப்பநிலை, அதாவது அதற்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாத வெப்பநிலை. ஒரு வெட்டுத்துண்டு இயற்கையின் அடிப்படை எல்லை ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது.

அலகையும் சேர்த்தே எழுதுங்கள். சாய்வின் அலகு எப்போதும் ஒய்யின் அலகு வகுத்தல் எக்ஸின் அலகு. வெட்டுத்துண்டின் அலகு அது எந்த அச்சில் இருக்கிறதோ அந்த அச்சின் அலகு.

இணை, செங்குத்து

சாய்வு சமமாக இருந்து ஒய் வெட்டுத்துண்டு வேறாக இருந்தால் இரு கோடுகளும் இணை. வெட்டுத்துண்டும் சமமானால் அவை ஒரே கோடு; 3x + 4y = 24, 6x + 8y = 48 இரண்டும் அப்படி. சாய்வுகளின் பெருக்கல்பலன் −1 எனில் செங்குத்து. சாய்வு −3/4 உள்ள கோட்டுக்குச் செங்குத்தானதன் சாய்வு 4/3: பின்னத்தைத் தலைகீழாக்கிக் குறியை மாற்ற வேண்டும். படுத்த கோடும் நின்ற கோடும் செங்குத்துதான், ஆனால் அங்கே பெருக்கல்பலன் விதி பேசாது.

செய்து பார்க்க

கீழே உள்ளவற்றில் சாய்வையும் இரு வெட்டுத்துண்டுகளையும் கண்டுபிடித்து, சோதனை உறவில் போட்டுப் பார்த்த பிறகு விடைகளுக்கு வாருங்கள்.

அ) 7x − 3y = 21
ஆ) 2(x − 1) = 3(y + 2)
இ) 0.5x + 0.2y = 1
ஈ) (−3, −4), (6, 2) வழியாகச் செல்லும் கோடு
உ) 4x + 20 = 0
ஊ) kx + 6y = 18 என்பதன் சாய்வு 2 எனில் k எவ்வளவு?

விடைகள்

அ) சாய்வு 7/3, எக்ஸ் வெட்டுத்துண்டு 3, ஒய் வெட்டுத்துண்டு −7.

ஆ) விரித்தால் 2x − 2 = 3y + 6, அதாவது y = (2/3)x − 8/3. சாய்வு 2/3, எக்ஸ் வெட்டுத்துண்டு 4, ஒய் வெட்டுத்துண்டு −8/3.

இ) 10ஆல் பெருக்கினால் 5x + 2y = 10. சாய்வு −5/2, எக்ஸ் வெட்டுத்துண்டு 2, ஒய் வெட்டுத்துண்டு 5.

ஈ) சாய்வு 6/9 = 2/3. −4 = −2 + c என்பதால் ஒய் வெட்டுத்துண்டு −2, எக்ஸ் வெட்டுத்துண்டு 3. முன்பு பார்த்த x/3 − y/2 = 1 என்பதும் இதே கோடுதான். ஆ கணக்கின் கோட்டுக்கு இது இணை.

உ) x = −5. சாய்வை வரையறுக்க இயலாது. எக்ஸ் வெட்டுத்துண்டு −5. ஒய் வெட்டுத்துண்டு இல்லை.

ஊ) ஒய்யைத் தனியாக்கினால் y = −(k/6)x + 3. −k/6 = 2 என்பதால் k = −12. எக்ஸ் வெட்டுத்துண்டு −3/2, ஒய் வெட்டுத்துண்டு 3. k எதுவாக இருந்தாலும் ஒய் வெட்டுத்துண்டு 3 ஆகவே இருக்கும் என்பதையும் கவனித்திருப்பீர்கள்: k மாற மாற, கோடு (0, 3) என்ற புள்ளியைப் பற்றிச் சுழல்கிறது.